மாமரத்து முசுறும் உன் கண்ணாடிப் பெட்டியும்

சென்னிமலை

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதமும் போட்டோக்களும் வந்து சேர்ந்தன. நீ ஜெர்மனியில் முசுறை, அதான் இலைகளைச் சேர்த்து ஒட்டி மரத்தில் கூடு கட்டுகிற எறும்பை, காசு கொடுத்து வாங்கிக் கண்ணாடிப் பெட்டியில் வளர்க்கிறாய் என்று வீட்டில் சொன்னேன். "ஏனுங்க, நம்ம மாமரத்துல இருக்கறதப் பூராப் புடிச்சு அனுப்பிவுட்டா அந்தண்ணன் நமக்கும் காசு குடுப்பாருங்களா?" என்று கேட்டுவிட்டு இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள். உன்னுடையது ஆப்பிரிக்க இனம், நம்முடையதற்குப் பங்காளி முறை என்று விளக்கினேன். எடுபடவில்லை.

உன் முந்தைய கடிதத்தைப் படித்த வேகத்தில் நானும் ஒரு கூத்து செய்தேன். மாமரத்தில் கூடு இருந்த கிளையை அப்படியே வெட்டி, பேரனின் பழைய மீன் தொட்டியில் வைத்தேன். அதற்குள் கை முழுக்கக் கடி. கடித்த இடத்தில் புளிப்பு நீரை வேறு பீச்சிவிடும், உனக்குத் தெரியாததா. அம்மாயி முறுக்குச் சட்டியை எறும்புக்குப் பயந்து தண்ணீர்த் தட்டில் வைப்பாளே, அதேபோல ஸ்டூல் கால் நான்கையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினேன். ராத்திரியோடு ராத்திரியாக ஒன்றையொன்று பிடித்துத் தொங்கி, ஜன்னல் திரையைத் தொட்டுவிட்டன. காலையில் காபி டப்பா மேல் ஊர்வலம். அப்புறம் நடந்த ஏச்சுப் பேச்சை எழுதப் போவதில்லை. தொட்டியில் மிஞ்சியவையும் கொஞ்ச நாளில் ஒவ்வொன்றாகச் செத்துப்போயின. ஒரு கூட்டம் பல மரங்களில் கூடு கட்டியிருக்கும், ராணி இருப்பது அதில் ஏதோ ஒரு கூட்டில் மட்டும் என்று பிறகுதான் படித்தேன். நான் வெட்டியது ராணி இல்லாத கிளை.

அதிலிருந்து பெட்டியை விட்டுவிட்டு, மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். முட்டிவலிக்கும் அதுதான் தோது.

போன வாரம் காலையில் புதுக் கூடு போட்டன. இலையின் ஓரத்தில் வரிசையாக நின்று, காலை ஊன்றி, அடுத்த இலையை வாயால் கவ்வி இழுக்கின்றன. இடைவெளி எட்டாவிட்டால் ஒன்றின் இடுப்பை இன்னொன்று பிடித்துச் சங்கிலி போடுகின்றன. இரண்டு இலையும் சேர்ந்தபின், பழைய கூட்டிலிருந்து வெள்ளைப் புழுக்களை வாயில் தூக்கி வந்தன. புழுவின் தலையை இந்த ஓரத்தில் ஒரு தொடு, அந்த ஓரத்தில் ஒரு தொடு. நூல் எறும்புடையது இல்லை, புழுவுடையது. உங்கள் வீட்டுக் குழித்தறியில் நாடா ஓடுவது அப்படியே கண்முன் வந்தது. மத்தியானத்துக்குள் இடுக்கெல்லாம் பஞ்சு வைத்து அடைத்தாற்போல வெள்ளையாகிவிட்டது.

மற்ற எறும்புகள் பலவற்றில் புழு அந்த நூலால் தன்னைச் சுற்றிக் கூடு கட்டிக்கொண்டு அதற்குள் வளரும். முசுறுப் புழு இருக்கிற நூலையெல்லாம் வீட்டுக்கே கொடுத்துவிட்டு, போர்வை இல்லாமல் வெறும் உடம்போடு வளர்கிறது. உங்கப்பா நினைவு வந்தது. ஊருக்கெல்லாம் போர்வை நெய்தவர் மார்கழியில் பழைய வேட்டியைத்தானே போர்த்திக்கொண்டு படுப்பார்?

தோட்டத்துக்கு இவை நல்லதா கெட்டதா என்று கேட்டிருந்தாய். இரண்டும்தான். இலை தின்னும் புழுவைத் துண்டு துண்டாக்கித் தூக்கிப் போகும். ஆரஞ்சு மரத்துக்குக் காவலாக இந்தக் கூடுகளைப் பையில் போட்டு விற்றதாக 304-ஆம் ஆண்டைச் சேர்ந்ததாகச் சொல்லப்படும் ஒரு சீன நூலிலேயே இருக்கிறது. ஆனால் மாவுப்பூச்சி கசியவிடும் இனிப்புக்காக அதை மாடு மாதிரிக் காத்து வளர்ப்பதும் இவைதான். மாங்காய் பறிக்க ஆள் கூப்பிட்டால், "அந்த மரம் மட்டும் வேண்டாமுங்க" என்கிறார்கள்.

சரி, முக்கியமான விஷயம். ஊரோடு வந்துவிடும்போது கூட்டத்தையும் கொண்டுவரலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம் மாப்பிள்ளை. 2025-இல் கென்யாவில் பெல்ஜியத்துப் பையன்கள் இருவர் 5,000 எறும்புகளை டெஸ்ட் டியூப்பில் வைத்திருந்து பிடிபட்டு, ஆளுக்குப் பத்து லட்சம் ஷில்லிங் அபராதம் என்று தீர்ப்பானது. அது வேறு இன எறும்பு, வேறு நாட்டுச் சட்டம், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன். அபராதத்தைவிட எனக்குப் பயம், பெட்டியிலிருந்து தப்பினால் என்ன ஆகும் என்பதுதான். அங்கே குளிர் கொன்றுவிடும். இங்கே எந்தக் குளிர் கொல்லப் போகிறது? தப்பியது நம் மரத்து முசுறோடுதான் மோதும். முசுறுக்கு எல்லைச் சண்டை நம் பங்காளிகளைவிட மோசம். அங்கேயே வளர்க்கத் தெரிந்த யாரிடமாவது கொடுத்துவிடு.

மழை பரவாயில்லை, வாய்க்காலில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். மஞ்சள் விலையைப் பற்றி மட்டும் கேட்காதே.

வரும்போது நல்ல பூதக்கண்ணாடி ஒன்று வாங்கி வா. அந்தப் புழு நூல் விடுகிற இடம் என் கண்ணுக்குச் சரியாகத் தெரியமாட்டேன் என்கிறது. நாற்காலி இன்னொன்று போட்டு வைக்கிறேன்.

உன்,
மச்சான்