பத்துப் பேர் இல்லாத கடையில் வேலை பார்க்கும் பெண் எங்கே போவாள்? மாவட்ட ஆட்சியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் 38 மாவட்ட ஆட்சியர்களுக்கும் வணக்கம்.

2016-ல் நான் ஒரு சின்ன ஜவுளிக்கடையில் வேலை பார்த்தேன். முதலாளியோடு சேர்த்து ஏழு பேர். சரக்கு எடுக்க மாடிக்குப் போனால் முதலாளி பின்னாலேயே வருவார். முதலில் பேச்சு, அப்புறம் கை. கூட வேலை பார்த்த ஒரு அக்காவைத் துணைக்குக் கூப்பிட்டுக்கொண்டு ஏற ஆரம்பித்தேன். "ஒரு கட்டு எடுக்க ரெண்டு பேர் எதுக்கு?" என்று கல்லாவில் இருந்தபடியே அவரைத் திருப்பி அனுப்புவார். நாலாவது மாதம் வேலையை விட்டேன். வீட்டில் சம்பளம் கட்டுப்படியாகவில்லை என்று சொன்னேன். அம்மா இன்று வரை அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்.

பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் சட்டம் அதற்கு மூன்று வருஷம் முன்னாலேயே, 2013 டிசம்பர் 9 அன்று, நடைமுறைக்கு வந்துவிட்டது. எனக்குத் தெரியாது. யாராவது சொல்லியிருந்தாலும், அது ஐடி கம்பெனிக்காரர்களுக்கு என்றுதான் நினைத்திருப்பேன்.

ஆனால் இந்தச் சட்டத்தின் தொடக்கம் எந்தக் கண்ணாடிக் கட்டடத்திலும் இல்லை. ராஜஸ்தானில் அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் கிராம ஊழியராக இருந்தவர் பன்வாரி தேவி. ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காக 1992-ல் அவரைக் கூட்டாக வன்கொடுமை செய்தார்கள். 1995-ல் கீழ்நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவர்களை அந்தக் குற்றத்திலிருந்து விடுவித்தது. தன் வேலையைச் செய்ததற்காக ஒரு பெண்ணுக்கு இப்படி நடந்தால் அவளுக்கு யார் பாதுகாப்பு என்ற கேள்வியோடு விசாகா உள்ளிட்ட அமைப்புகள் 1992-லேயே உச்ச நீதிமன்றம் போயிருந்தன. 1997 ஆகஸ்ட்டில் நெறிமுறைகள் வந்தன. அவை சட்டமாக மாற இன்னும் 16 வருஷம் ஆனது. களத்தில் நின்று வேலை செய்த ஒரு கிராமத்துப் பெண் பட்ட பாட்டில் பிறந்த சட்டம் இது. அவரைப் போன்றவர்களின் கைக்கே அது இன்னும் எட்டவில்லை என்பதுதான் என் வேதனை.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார் குழு இருக்க வேண்டும். இது ஓரளவு பரவலாகத் தெரிந்திருக்கிறது. பத்துப் பேர் இல்லாத இடத்துக்கும், புகாரே முதலாளி மேல்தான் என்றாலும், மாவட்டத்தில் இருக்கும் உள்ளூர் புகார் குழுதான் கதி. ஜெராக்ஸ் கடை, தையல் யூனிட், மருந்துக்கடை, கட்டட வேலை, வீட்டு வேலை எல்லாம் இதற்குள் வரும். வீட்டு வேலை செய்யும் பெண்ணின் புகாரில் முகாந்திரம் இருந்தால், 7 நாளுக்குள் அதைக் காவல்துறைக்கு அனுப்ப வேண்டும் என்று தனியாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். இந்தக் குழுவை அமைப்பது மாவட்ட அதிகாரியின் பொறுப்பு. அந்தப் பொறுப்பு எந்த அதிகாரியின் பெயரில் இருந்தாலும், மக்கள் வந்து நிற்பது உங்கள் வாசலில்தான்.

குழு காகிதத்தில் இருந்தால் மட்டும் போதாது. போன வருஷம் நான் ஓர் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய் இந்தக் குழுவைப் பற்றி விசாரித்தேன். மூன்று அறைகளுக்கு அனுப்பினார்கள். ஒவ்வொரு அறையிலும் "என்ன விஷயம்?" என்று சத்தமாகக் கேட்டார்கள். எனக்கு இப்போது சொல்லத் தைரியம் இருக்கிறது. 2016-ல் இருந்திருந்தால் முதல் அறையிலேயே திரும்பியிருப்பேன். திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்து வரிசையும் அப்படித்தான். பட்டாவுக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் நிற்கிற கூட்டத்தின் நடுவே ஒரு பெண் இதை எப்படி வாய்விட்டுச் சொல்வாள்? புகார் கொடுத்தவர் யார் என்பது தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ்கூட வெளியே போகக் கூடாது என்கிறது இதே சட்டம்.

ஒவ்வொரு வட்டாரத்திலும், நகராட்சியிலும் புகாரை வாங்க ஒரு பொறுப்பு அலுவலர் இருக்க வேண்டும். வாங்கியதை 7 நாளுக்குள் அவர் குழுவுக்கு அனுப்ப வேண்டும். 2024 டிசம்பர் 3 அன்று உச்ச நீதிமன்றம், பொறுப்பு அலுவலர்களை நியமிக்கவும், 2025 ஜனவரி 31-க்குள் உள்ளூர் குழுக்களை அமைக்கவும் உத்தரவிட்டது. அந்த அலுவலரின் பெயரும் போன் நம்பரும் எங்கே எழுதியிருக்கிறது? ரேஷன் கடைச் சுவரில், பேருந்து நிலையப் பெண்கள் கழிப்பறைக் கதவின் உட்பக்கம், நூறு நாள் வேலை நடக்கும் இடத்தில் எழுதி வையுங்கள். கழிப்பறைக் கதவு என்பதை யோசித்துத்தான் சொல்கிறேன். முதலாளியின் கண் படாமல் ஒரு நம்பரைக் குறித்துக்கொள்ள கடைப் பெண்ணுக்கு வேறு இடம் கிடையாது.

நம்பரோடு இன்னும் நாலு வரி இருக்கட்டும். தொடுவது மட்டும்தான் குற்றம் என்றில்லை. ஆபாசப் பேச்சு, போனில் படம் காட்டுவது, "அனுசரிச்சுப் போனா சம்பளம் ஏத்துறேன்" என்பது எல்லாமே இதில் சேரும். மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் வரை குழு நீட்டிக்கலாம். எழுதத் தெரியாவிட்டால் எழுத உதவ வேண்டியது குழுவின் கடமை. புகாரை நிரூபிக்க முடியாமல் போனால், அதற்காக மட்டும் அதைப் பொய்ப் புகார் என்று சொல்லி உங்கள் மேல் நடவடிக்கை எடுக்க முடியாது. இந்தக் கடைசி வரியைப் பெரிய எழுத்தில் போடுங்கள். "சாட்சி இல்லையே, என் மேலயே திருப்பிடுவாங்களே" என்ற பயத்தில்தான் நான் வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

கடைகளில் நின்றுகொண்டே வேலை பார்ப்பவர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு அரசு சட்டத் திருத்தம் கொண்டு வந்தது. அந்தச் செய்தி எங்கள் தெருவரைக்கும் வந்து சேர்ந்தது. இதுவும் வர முடியும்.

அந்த அக்கா இன்னும் அதே கடையில்தான் இருக்கிறார். போன மாதம் சந்தையில் பார்த்தபோது உள்ளூர் குழுவைப் பற்றிச் சொன்னேன். இப்போது புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாளாம், பத்தொன்பது வயசு. "நம்பர் இருந்தா குடு, அவகிட்ட குடுக்கிறேன்" என்றார். என்னிடம் கொடுக்க நம்பர் இல்லை. அதை நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஜவுளிக்கடையில் வேலை பார்த்த ஒரு பெண்