செயலாளரின் ஆண்டறிக்கை: நம் குடியிருப்புச் சங்கத்தின் சுற்றுச்சூழல் வேலைகள்

தலைவர் அவர்களுக்கும் செயற்குழு நண்பர்களுக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

போன பொதுக்குழுவில் சுற்றுச்சூழலைக் காப்போம் என்று ஒரு தீர்மானம் போட்டது ஞாபகம் இருக்கும். எந்த வேலையை யார், எந்தக் கிழமை செய்வது என்று அதில் ஒரு வரிகூட எழுதவில்லை. அதனால் முதல் சில மாதங்கள் சுவரொட்டி, உறுதிமொழி, பேரணி என்றே ஓடிவிட்டன, தொட்டியைத் திறந்தால் குப்பை பழையபடி ஒன்றாகத்தான் கிடந்தது. அப்புறம்தான் வழியை மாற்றினோம். லிஃப்ட், பெயின்ட், காவலாளி விஷயங்களைத் தனித்தாளில் கொடுத்திருக்கிறேன், இந்த அறிக்கை முழுக்க வழியை மாற்றிய பிறகு நடந்ததைப் பற்றியது.

முதலில் குப்பை. மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று எத்தனை முறை எழுதி ஒட்டினாலும் நடக்கவில்லையே, ஏன் என்று பார்க்க ஒரு வாரம் காலையில் கீழே போய் நின்றேன். வீட்டிலிருந்து வரும்போதே எல்லாம் ஒரே பையில் வருகிறது. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் தொட்டி பக்கத்தில் நின்று யார் பையைப் பிரிப்பார்கள்? குப்பை பிரிய வேண்டியது சமையல் மேடையில். எனவே ஒவ்வொரு வீட்டுக்கும் மூடி போட்ட சின்ன வாளி ஒன்று கொடுத்து, காய்கறி நறுக்கும் இடத்துக்குக் கீழேயே வைக்கச் சொன்னோம். அந்த வாரமே வித்தியாசம் தெரிந்தது.

நம் குப்பையை எடுக்கும் அக்கா ஒரு நாள் கையுறையைக் கழற்றிக் கையைக் காட்டினார். கட்டைவிரலுக்குக் கீழே ஆறியும் ஆறாமலும் ஒரு வெட்டு, பக்கத்திலேயே பழைய தழும்பு ஒன்று. "நாத்தம் எனக்குப் பழகிடுச்சு தம்பி, உடைஞ்ச கண்ணாடியை மட்டும் சும்மா போட வேணாம்னு சொல்லுங்க" என்றார். அதை அப்படியே எழுதி எல்லோருக்கும் அனுப்பினேன். இப்போது பிளேடு, கண்ணாடித் துண்டு எல்லாம் தடித்தாளில் சுற்றி, மேலே சிவப்புக் கோடு போட்டு வருகின்றன. நாப்கினும் டயப்பரும் தாளில் மடித்துத் தனியாக வருகின்றன. இன்னும் செய்யாத சில வீடுகள் இருக்கின்றன. தயவுசெய்து செய்யுங்கள், அந்தப் பையில் கை விடுபவர் ஒரு மனுஷி.

இதற்கு நடுவில் ஒரு பெரிய மனக்கசப்பு. நாம் பிரித்து வைத்ததை எல்லாம் வண்டிக்காரர்கள் ஒரே குவியலாகக் கொட்டிக்கொண்டு போனார்கள். "அப்புறம் எதுக்கு சார் பிரிக்கணும்?" என்று கேட்டவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. தனித்தனியாக ஆளுக்கொரு புகார் கொடுத்துப் பார்த்தோம், எதுவும் நகரவில்லை. கடைசியில் எல்லா வீட்டுக் கையெழுத்தோடும், நாள்வாரியாக எடுத்த படங்களோடும் ஒரே கடிதமாகக் கொடுத்த பிறகு தடுப்பு வைத்த வண்டி வந்தது. வீட்டில் செய்கிற வேலைக்குப் பலன் இருக்க வேண்டுமானால் இப்படிப் போய்க் கேட்கவும் வேண்டும், அதற்குத்தான் சங்கம்.

மக்கும் குப்பையில் பெரும்பகுதியை இப்போது வெளியே அனுப்புவதே இல்லை, பின்பக்கத் தொட்டிகளில் உரமாகிறது. காற்றுப் புகாத குப்பை மேட்டில் இது அழுகினால் மீத்தேன் வரும், அது நூறாண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப் போல 27 மடங்குக்கு மேல் பூமியைச் சூடாக்குகிற வாயு. ஆனால் நம் முதல் தொட்டி அழுகிவிட்டது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். ஈயும் புழுவும் நாற்றமும் தாங்காமல், கீழ்வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறக்க முடியாமல் இருந்தார்கள், அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தவறு என்னவென்றால், வெறும் ஈரக் கழிவை மட்டுமே கொட்டிக்கொண்டிருந்தோம். உரம் ஒழுங்காக ஆக, நைட்ரஜன் ஒரு பங்குக்குக் கார்பன் 25 முதல் 30 பங்கு வேண்டும், ஈரக் கழிவில் நைட்ரஜன் அதிகம், கார்பன் அதிகம் இருப்பது சருகிலும் கிழித்த அட்டையிலும்தான். கையால் அளப்பதென்றால் ஒரு வாளி காய்கறித் தோலுக்கு இரண்டு மூன்று வாளி சருகு. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும், ஒழுகினால் இன்னும் சருகு, உதிர்ந்தால் கொஞ்சம் தண்ணீர். வாரம் ஒருமுறை கிளறிவிட வேண்டும். இரண்டாவது தொட்டியில் பத்தாம் நாள் கையை நடுவில் விட்டுப் பார்த்தேன், சூடு பொறுக்காமல் உடனே எடுத்துவிட்டேன். அந்தச் சூடுதான் வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளம், நடுவில் 55 டிகிரியைத் தாண்டும்.

இதில் எதிர்பாராத நல்லது ஒன்றும் நடந்தது. முன்பெல்லாம் கூட்டிய சருகை மூலையில் வைத்துக் கொளுத்துவோம், அதோடு சேர்ந்து பிளாஸ்டிக்கும் எரியும். பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் வகை எரிந்தால் டையாக்சின் என்ற நச்சு வரும், அதைச் சுவாசிப்பது நம் பிள்ளைகள்தான். இப்போது சருகுக்குப் பற்றாக்குறை, கொளுத்த யாரும் விடுவதில்லை.

உரம் போடுகிறோமே என்று உணவை வீணாக்கக் கூடாது. 2022-இல் உலகம் முழுக்க 105 கோடி டன் உணவு வீணாயிற்று, அதில் 60 சதவீதம் வீடுகளிலிருந்து வந்தது என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் கணக்கு சொல்கிறது. கடைக்குப் போவதற்கு முன் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்ப்பது, பழையதை முன்வரிசையில் வைப்பது, இந்த இரண்டுமே பாதி வேலையை முடித்துவிடும்.

தண்ணீர். கழிவறைத் தொட்டி ஒழுகுவது கண்ணுக்கும் தெரியாது, காதுக்கும் கேட்காது. தொட்டிக்குள் நாலு சொட்டு சாப்பாட்டுக் கலர் விட்டு, அரை மணி நேரம் ஃபிளஷ் செய்யாமல் இருங்கள். கோப்பையில் நிறம் இறங்கியிருந்தால் அடி வாஷர் போய்விட்டது என்று அர்த்தம். ஒரு ஞாயிறு எல்லா வீட்டிலும் இதைச் செய்தோம், நன்றாக இருக்கிறது என்று சத்தியம் செய்தவர்கள் வீட்டில்கூட நிறம் இறங்கியது. மீட்டர் இருப்பவர்கள் இரவு படுக்கும்போது எண்ணைக் குறித்து, காலையில் குழாயைத் தொடுவதற்கு முன் மறுபடி பாருங்கள், நகர்ந்திருந்தால் எங்கோ கசிகிறது.

மழைநீர்க் குழாயைச் சாக்கடையிலிருந்து பிரித்து உறிஞ்சு குழிக்குத் திருப்பினோம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர் தண்ணீர். 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் பெய்தால் 1,000 லிட்டர், ஆவியாகி சிந்தியது போக 800 லிட்டராவது மிஞ்சும். இத்தனை வருஷம் அதைச் சாக்கடையில் விட்டிருக்கிறோம், நினைத்தால் வயிறு எரிகிறது. மழைக்காலத்துக்கு முன் கூரையைக் கூட்ட வேண்டும், முதல் மழைத் தண்ணீரை வெளியே விட வேண்டும், இதை மறந்தால் குழி அடைத்துக்கொள்ளும்.

மின்சாரத்தில் சொல்ல அதிகமில்லை. 60 வாட் குண்டு பல்புக்குப் பதில் ஒன்பது வாட் எல்.ஈ.டி. போதும், நடைபாதை முழுக்க மாற்றியாயிற்று. ஒன்று மட்டும்: சும்மா இருக்கும்போதும் 10 வாட் இழுக்கும் ஒரு டி.வி. செட்-டாப் பெட்டி, ஆண்டு முழுக்கச் செருகியே இருந்தால் 87 யூனிட் தின்றுவிடும். ரிமோட்டில் அணைப்பதோடு விடாமல் சுவிட்சையும் அணையுங்கள்.

ஆண்டு விழாவுக்குத் துணிப்பை அச்சடிக்கலாம் என்று கோரிக்கை வந்தது, செயற்குழு வேண்டாம் என்று முடிவு செய்தது. சிலருக்கு வருத்தம், காரணம் சொல்லிவிடுகிறேன். சாதாரண பிளாஸ்டிக் பையைவிடப் புவி வெப்பக் கணக்கில் பருத்திப் பை மேலாக இருக்க அதை 131 முறை பயன்படுத்த வேண்டும் என்று பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் கணக்கிட்டது. நம் ஒவ்வொரு வீட்டிலும் மடிப்புக் கலையாமல் பத்துப் பை கிடக்கிறது. இருக்கிற பையை வாசல் கதவில் மாட்டி வையுங்கள், வெளியே போகும்போது கையோடு வரும்.

மின்கழிவு இந்த ஆண்டு சரியாக நடக்கவில்லை. 2022-இல் உலகில் சேர்ந்த 6.2 கோடி டன் மின்கழிவில் 22.3 சதவீதம்தான் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகக் கணக்கில் வந்தது, மீதியில் நம் அலமாரியில் தூங்கும் பழைய போன்களும் அடக்கம். லித்தியம் பேட்டரியைக் குப்பையில் போட்டால் வண்டியில் நசுங்கித் தீப்பிடிக்கும். முனைகளில் டேப் ஒட்டி, வரவேற்பறையில் வைத்திருக்கும் டப்பாவில் போடுங்கள், நிறைந்ததும் அங்கீகாரம் பெற்ற சேகரிப்பாளரிடம் கொடுப்போம்.

மரக்கன்றுகள் விஷயத்தில் நாம் எல்லோரும் பொறுப்பு. விழா எடுத்து நட்டோம், கோடையில் தண்ணீர் ஊற்ற ஆளில்லாமல் பெரும்பாலானவை காய்ந்துவிட்டன. இந்த ஆண்டு புதிதாக நடப்போவதில்லை. உயிரோடு இருப்பவற்றை இரண்டு கோடை தாண்ட வைப்பதும், வாசல் பக்கப் பெரிய மரத்தின் அடியை நெருக்கியிருக்கும் சிமென்டை உடைத்து வேருக்குக் காற்றும் தண்ணீரும் போக விடுவதும்தான் வேலை.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அதற்குள் ஒரு தாள் சுற்றி வரும். உரத் தொட்டி கிளற சனிக்கிழமைக்கு இரண்டு பேர், கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற கிழமைக்கு ஒருவர், பேட்டரி டப்பாவுக்கு ஒருவர். பெயரும் கிழமையும் எழுதிவிட்டு அடுத்தவரிடம் கொடுங்கள்.

அன்புடன்,
செயலாளர்