கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்புள்ள நண்பனுக்கு,

நலம், நலமறிய ஆவல். உனது கண் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று அறிந்து வீட்டில் எல்லோரும் ஆறுதலடைந்தோம். ரொறன்ரோவின் குளிரில் வெளியே நடமாடுவதைச் சில வாரங்களுக்குத் தவிர்த்துக்கொள். எங்கள் விரிவுரை மண்டபத்தின் ஒலியமைப்பைப் புதுப்பித்த கதையை விபரமாக எழுதும்படி கேட்டிருந்தாய். வேலை முடிந்து ஓர் அரையாண்டும் கடந்துவிட்டபடியால் இப்போது நிதானமாக எழுத முடிகிறது.

இதற்கெல்லாம் தொடக்கம் சில விடைத்தாள்கள். இரண்டு வருடங்களுக்கு முன் முதலாம் வருடப் பொருளியல் தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது, ‘குறைந்து செல் விளைவு விதி’ என்று எழுதவேண்டிய இடத்தில் ஏழெட்டுப் பிள்ளைகள் ‘குறைந்து செல் விலை விதி’ என்று எழுதி, விலை ஏன் குறைகிறது என்று விளக்கமும் கொடுத்திருந்தார்கள். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு அவர்களை அழைத்துக் குறிப்புக் கொப்பிகளை வாங்கிப் பார்த்தபோது, தாங்கள் கேட்டதை அவர்கள் நேர்மையாகவே எழுதி வைத்திருப்பது புரிந்தது. எல்லோரும் மண்டபத்தின் பின்பாதியில் இருப்பவர்கள். ஆங்கில மொழிமூல வகுப்பில் நிலைமை இதைவிட மோசமாக இருந்தது. ‘ஃபிஃப்டீன்’ என்பதும் ‘ஃபிஃப்டி’ என்பதும் ஒன்றாகிக் கணக்குகளே பிழைத்திருந்தன. வவுனியாவிலும் மூதூரிலும் பாடசாலைக் கல்வி முழுவதையும் தமிழில் படித்துவிட்டு வந்து இங்கே ஆங்கிலத்தில் விரிவுரை கேட்கும் பிள்ளைக்கு, அந்த மொழியிலேயே வளர்ந்தவருக்கு வேண்டியதைவிடத் தெளிவான ஒலி வேண்டும். தாய்மொழியில் அரைகுறையாகக் கேட்ட சொல்லை மனம் தானே நிரப்பிக்கொள்ளும். புதிதாகப் பழகும் மொழியில் அது அவ்வளவு எளிதில் நடப்பதில்லை.

நாம் படித்த காலத்தில் இந்த மண்டபம் இல்லை. நீளம் 24 மீற்றர், அகலம் 15, உயரம் 6, 300 இருக்கைகள். சுவர்கள் சீமெந்துப் பூச்சு, தரை டெராசோ, இருபுறமும் கண்ணாடி யன்னல்கள், தலைக்கு மேல் பன்னிரண்டு மின்விசிறிகள். பிள்ளைகளின் உடம்பையும் உடையையும் தவிர ஒலியை உறிஞ்சக்கூடிய பொருள் உள்ளே எதுவும் இருக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு மண்டபப் பொறுப்பாளரும் நானும் விசிறிகளை நிறுத்திவிட்டுப் பலூன்களை உடைத்து, அந்த ஒலி அடங்குவதைப் பதிவு செய்து பார்த்தோம். ஒலி 60 டெசிபல், அதாவது அதன் வலு பத்து இலட்சத்தில் ஒரு பங்காகத் தணிவதற்கு 2.2 வினாடி எடுத்தது. ஒருவர் சாதாரணமாக ஒரு வினாடியில் நாலைந்து அசைகளைப் பேசுகிறார் என்று வைத்தால், ஓர் அசை முழுதாக அடங்குமுன் பத்து அசைகள் அதன்மேல் வந்து ஏறிவிடுகின்றன.

நம் இலக்கணகாரர் எழுத்தை உயிர் என்றும் மெய் என்றும் பிரித்து வைத்ததன் பொருளை அந்த மண்டபத்தில் காதாலேயே உணரலாம். பேச்சின் பலம் பெரும்பாலும் உயிரொலிகளில் இருக்கிறது. அவை நீண்டு ஒலித்துச் சுவர்களில் மோதித் திரும்பித் திரும்பிக் கடைசி வரிசைவரை போய்ச் சேர்கின்றன. ஒரு சொல்லை இன்னொரு சொல்லிலிருந்து பிரித்துக் காட்டும் மெய்யொலிகளோ பலம் குறைந்தவை, கண நேரத்தில் தோன்றி மறைபவை, தம் அடையாளத்தைப் பெரும்பாலும் 1000 முதல் 4000 ஹேர்ட்ஸ் வரையான பகுதியில் வைத்திருப்பவை. முந்திய உயிரின் முழக்கம் அவற்றை மூடிவிடுகிறது. அதனால்தான் ல, ள, ழ ஆகியவற்றுக்கு இடையிலுள்ள நுண்ணிய வேறுபாடு கரைந்துபோய், ‘ஒலி’, ‘ஒளி’, ‘ஒழி’ மூன்றும் பின்வரிசையில் ஒரே சொல்லாகிவிடுகின்றன. அங்கிருந்து கேட்கும் பிள்ளை ‘கேட்கவில்லை’ என்று முறையிடவும் முடியாது. ஏனென்றால் சத்தம் கேட்கத்தான் செய்கிறது.

இந்தத் துறையே ஒரு விரிவுரை மண்டபத்தில்தான் பிறந்தது என்பதை அறிந்தபோது எனக்குப் பெரிய தைரியம் வந்தது. 1895 இல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய ஃபொக் கலைக்கூடத்தின் விரிவுரை மண்டபத்தில் பேசுவது எதுவும் விளங்காமல் போக, 27 வயதேயான வாலஸ் சபைன் என்ற பௌதிகவியல் ஆசிரியரிடம் அதைச் சரிசெய்யும் பொறுப்பை ஒப்படைத்தார்கள். அங்கே முழக்கம் அடங்க ஏறக்குறைய ஐந்தரை வினாடி எடுத்தது. வீதிகள் அமைதியடையும் நள்ளிரவுக்குப் பின்னர், பக்கத்து அரங்கிலிருந்து இருக்கை மெத்தைகளைத் தூக்கி வந்து ஒவ்வொன்றாகப் பரப்பி, ஓர் ஓர்கன் குழலை ஒலிக்கவிட்டு, அது அடங்கும் நேரத்தைக் கணித்துக் கணித்துத்தான் அவர் தமது சூத்திரத்தைக் கண்டுபிடித்தார். மண்டபத்தின் கனவளவை 0.161 ஆல் பெருக்கி, உள்ளே இருக்கும் மொத்த ஒலி உறிஞ்சலால் வகுத்தால் முழக்கம் அடங்கும் நேரம் வரும். எங்கள் 2160 கனமீற்றருக்கு இதைப் போட்டுப் பார்த்தேன். மண்டபத்தில் இருந்த உறிஞ்சல், தன்மேல் படும் ஒலி முழுவதையும் விழுங்கும் ஏறத்தாழ 158 சதுர மீற்றர் பரப்புக்குச் சமம். முழக்கத்தை ஒரு வினாடியளவுக்குக் கொண்டுவர அது இரண்டு மடங்குக்கும் மேலாக வேண்டும்.

ஆனால் மண்டபத்தைப் புதுப்பிக்க அமைத்த குழுவின் முதற்கூட்டத்தில் எல்லோரும் வாற்றை, அதாவது கருவிகளின் மின்வலுவைப் பற்றியே பேசினார்கள். பதினைந்து அங்குல ஒலிபெருக்கி இரண்டு, ஆயிரம் வாற் அம்ப்ளிபயர், அதோடு காரியம் முடிந்தது என்று ஒரு விநியோகஸ்தர் எழுதிக் கொடுத்திருந்தார். அந்த யோசனையை எதிர்ப்பதற்கு எனக்கு இரண்டு கூட்டங்கள் தேவைப்பட்டன. எங்கள் மண்டபத்தில் பேசுபவரிடமிருந்து மூன்று மீற்றர் தள்ளிப் போவதற்குள்ளேயே, அவரது வாயிலிருந்து நேராக வரும் ஒலியைச் சுவர்களில் மோதித் திரும்பும் ஒலி மிஞ்சிவிடுகிறது. ஒலியைக் கூட்டினால் இரண்டும் சேர்ந்தே கூடும். ஒன்றுக்கொன்று உள்ள விகிதம் அப்படியே இருக்கும். கலங்கிய தண்ணீரை இன்னும் ஒரு வாளி அள்ளி ஊற்றுவதால் அது தெளிந்துவிடாது என்று சொன்ன பிறகுதான் ஒரு மூத்த பேராசிரியர் என் பக்கம் திரும்பினார்.

பெறுகை விதிகளின்படி குறித்த ஒரு வர்த்தகப் பெயரைக் கேட்க முடியாது. தகுதியான விலைமனுக்களுள் குறைந்ததையே ஏற்கவேண்டும். ஆகவே கருவிகளின் வாற்றையும் அங்குலத்தையும் எழுதாமல், கிடைக்கவேண்டிய பலனையே நிபந்தனையாக எழுதினோம். பேச்சு எவ்வளவு தெளிவாகப் போய்ச் சேர்கிறது என்பதைப் பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடையிலான ஓர் எண்ணாகச் சொல்லும் சுட்டியை 1970களில் நெதர்லாந்து ஆய்வாளர்களான ஹவுட்காஸ்டும் ஸ்டீனெக்கனும் உருவாக்கினார்கள். விசிறிகள் சுழலும்போதும் எந்த இருக்கையிலும் அந்த எண் 0.6 இற்குக் குறையக்கூடாது, அளந்து காட்டிய பிறகே பணம் என்று எழுதிவிட்டோம். நான் இந்த வேலையில் செய்தவற்றுள் மிகப் பயனுள்ளது அந்த ஒரு வரிதான் என்று நம்புகிறேன்.

2022 இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறிய பின்னர், இறக்குமதிக் கருவிகளுக்கு எங்கள் பழைய மதிப்பீடு எந்த விதத்திலும் போதவில்லை. அதனால் பணத்தின் பெரும்பங்கை உள்ளூரில் செய்யக்கூடிய வேலையில் போட்டோம். மொரட்டுவைத் தச்சர்கள் துளையிட்ட பலகைகளைச் செய்து தந்தார்கள். பின்னால் துணி சுற்றிய ரொக்வூல் என்ற பாறைப்பஞ்சை வைத்து, பின்சுவரிலும் கூரையின் கீழுமாக 160 சதுர மீற்றருக்குப் பொருத்தினோம். மலிவு என்பதால் தென்னந்தும்பைப் பயன்படுத்தவும் யோசித்தோம். தீப்பிடிக்கும் அபாயத்தை நினைத்துக் கைவிட்டோம். பின்சுவரை மூடியதுமே வித்தியாசம் தெரிந்தது. முன்னர் அந்தச் சுவரில் பட்டுத் திரும்பும் என் குரல் ஏழில் ஒரு பங்கு வினாடி கழித்து என் காதிலேயே வந்து விழும். அதைக் கேட்டுக்கொண்டே பேசுவது எவ்வளவு களைப்பு என்பது அது நின்ற பிறகுதான் விளங்கியது. முழக்கம் இப்போது வெறும் மண்டபத்தில் 1.2 வினாடி; பாதி இருக்கைகள் நிரம்பினால் ஒரு வினாடிக்கும் குறைவு. விசிறிகளின் தாங்கிகளை மாற்றியதில் அவற்றின் இரைச்சலும் நன்றாகக் குறைந்தது.

அதன் பிறகே ஒலிபெருக்கிகள். முன்புறத்தில் இரண்டு ஒடுங்கிய தூண் ஒலிபெருக்கிகளை நிறுத்தினோம். சிறிய ஒலிபெருக்கிகளை ஒன்றன்மேல் ஒன்றாக நிரைப்படுத்திய அமைப்பு ஆகையால், அவற்றின் ஒலி பக்கவாட்டில் விரிந்தாலும் மேல்நோக்கிக் கூரைக்குப் போகாமல் இருக்கைகளின் மீதே படிகிறது. பின்பாதிக்கு 14 மீற்றர் தள்ளி இரண்டு சிறிய துணை ஒலிபெருக்கிகள். பழைய அமைப்பிலும் பின்னால் பெட்டிகள் இருந்தன; ஆனால் நம் வெப்பத்தில் ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 349 மீற்றர்தான் செல்கிறது. எனவே அருகிலுள்ள பெட்டியின் குரல் முதலில் வந்து, முன்புறத்துக் குரல் 40 மில்லிவினாடி பிந்தி வந்து அதன்மேல் மோதிக் கலங்கும். இப்போது பின்னால் உள்ளவற்றை 50 மில்லிவினாடி தாமதித்து ஒலிக்கச் செய்திருக்கிறோம். முதலில் வந்து சேரும் ஒலியின் திசையையே காது பேச்சின் திசையாக எடுத்துக்கொள்ளும் என்பதை ஹெல்முட் ஹாஸ் 1949 இலேயே ஆராய்ந்து காட்டியிருக்கிறார். கடைசி வரிசையில் இருப்பவருக்குத் தலைக்கு அருகில் ஒலிபெருக்கி இருப்பதே தெரியாது. விரிவுரையாளர் தம்மோடு நேரே பேசுவதுபோல் இருக்கும்.

ஒலிவாங்கியில்தான் நாங்கள் எதிர்பாராத சிக்கல் வந்தது. மேசையில் நிலையாக இருந்த ஒலிவாங்கி, பேசுபவர் பலகைப் பக்கம் திரும்பியதும் குரலை இழந்துவிடும். வாய்க்கும் ஒலிவாங்கிக்கும் உள்ள தூரம் இரட்டிக்க ஒலி 6 டெசிபல் குறைகிறது, அதை ஈடுசெய்யக் கூட்டினால் ஒலிபெருக்கி ஊளையிடத் தொடங்கும். சட்டையில் குத்தும் கம்பியில்லா ஒலிவாங்கிகளை வாங்கினோம். முதல் வாரமே பெண் விரிவுரையாளர்கள் குறை சொன்னார்கள், அது முற்றிலும் நியாயமானது: சேலையில் அந்தப் பெட்டியைச் செருக இடுப்புப்பட்டி கிடையாது, மடிப்பும் சங்கிலியும் உரசி இரைகின்றன. ஆண்களின் உடுப்பை மனதில் வைத்தே நாங்கள் தெரிவு செய்திருந்தோம் என்பது எனக்கு வருத்தமாக இருந்தது. காதில் மாட்டும் ஒலிவாங்கியும் தோளில் தொங்கும் சிறு பையும் வாங்கி, ஒவ்வொருவருக்கும் தனித்தனிப் பஞ்சுறை கொடுத்த பின்னர் எல்லோரும் அதையே விரும்புகிறார்கள்.

பழைய அமைப்பின் ஓயாத உறுமலுக்குக் காரணம், ஒலிகளைக் கலக்கும் கருவியான மிக்சரும் அம்ப்ளிபயரும் வெவ்வேறு மின்சுற்றுகளிலிருந்து இணைப்புப் பெற்றதுதான். ஒரே சுற்றுக்கு மாற்றி, களிம்பு பிடித்த செருகிகளை வீசிவிட்டு, புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் நல்ல வயர் வாங்கிப் போட்டதும் அது ஒழிந்தது. பற்றரிகளைச் சார்ஜ் செய்வதும், எந்த ஒலிவாங்கி எந்த நாளில் பழுதானது என்று கொப்பியில் எழுதி வைப்பதும் மண்டபப் பொறுப்பாளரின் வேலை. அவர் ஓய்வு பெற்றுப் போனால் என்ன செய்வது என்பதுதான் இப்போது என்னுடைய கவலை.

பின்வரிசையில் முன்னர் 0.38 ஆக இருந்த சுட்டி இப்போது 0.62. சென்ற மாதத்து விடைத்தாள்களில் ‘விலை விதி’ ஒன்றுகூட இருக்கவில்லை.

உன்னிடம் ஒன்று கேட்கவேண்டும். செவிப்புலன் கருவி அணியும் மாணவி ஒருவர் இவ்வருடம் சேர்ந்திருக்கிறார். ஒலியைக் காந்தப்புலமாக அந்தக் கருவிக்கே நேராக அனுப்பும் கம்பிச் சுருளைத் தரையோரமாகப் பதிக்க நினைக்கிறேன். ஆனால் எங்கள் தரைத்தளம் முழுவதும் கொங்கிறீட்டில் இரும்புக் கம்பி, அது புலத்தைத் தின்றுவிடும். அங்கே கோயில்களிலும் தேவாலயங்களிலும் இத்தகைய வேலைகளைச் செய்தவன் நீ. ஒரே பெரிய சுருளா, குறுக்கிக் குறுக்கிப் போட்ட பல சுருள்களா நல்லது என்று எழுது.

ஆவணியில் வரும்போது ஒரு காலைப்பொழுதை எனக்கென்று ஒதுக்கிவை. இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்தில் நாம் நாடகம் போட்ட காலத்தில் நீ மிக்சருக்குப் பக்கத்தில் இருக்கவே மாட்டாய்; கடைசி வரிசைச் சுவரில் சாய்ந்து நின்று, சொல் தெளிவாகக் கேட்டால் கையை உயர்த்துவாய், கேட்காவிட்டால் தாழ்த்துவாய். அதேபோல் வந்து நில். நான் முன்னால் நின்று ‘குறைந்து செல் விளைவு விதி’யை விளக்குகிறேன்.

உன் அன்பு நண்பன்