படகில் எழுதும் எழுத்துக்கு ஓர் எழுத்துரு வேண்டும்

தமிழ் எழுத்துரு வடிவமைப்பவர்களுக்கு,

பாம்பனிலிருந்து வணக்கம். என் தாய்மாமா முப்பது வருடமாகப் படகுகளுக்குப் பெயர் எழுதுகிறார். சின்ன வயதில் பெயிண்ட் டப்பாவைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்தில் நின்றவன் நான்.

போன வருடம் அக்கா மகளின் காதுகுத்துக்கு ஃப்ளெக்ஸ் அடிக்கக் கொடுத்தேன். தடியான, துள்ளலான எழுத்தாக வேண்டும் என்று கேட்டிருந்தேன். வந்ததில் ‘ண’, ‘ஞ’ எல்லாம் உள்ளே அடைத்துப்போய் மைக்கட்டி மாதிரி இருந்தன. கடைக்காரரிடம் இருந்த எழுத்துரு அவ்வளவுதான்.

தமிழைத் தடிப்பாக்குவது லேசான வேலை இல்லை. மூன்று சுழி ‘ண’வில் கோடு தடிக்கத் தடிக்க சுழி மூடிக்கொள்ளும். மாமா வெளிக்கோட்டைத் தட்டை பிரஷின் முழு அகலத்துக்கு இழுப்பார். சுழிக்குள் நுழையும்போது பிரஷைத் திருப்பி, விளிம்பால் மெல்லிசாகச் சுழிப்பார். ‘ண’வுக்கு இரண்டு ‘ட’ இடம் கொடுப்பார். படகின் முன்பக்கமான அணியத்தின் வளைவுக்கு ஏற்ப எழுத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாக்கிக்கொண்டே போவார். புள்ளியைக் குண்டாக, சற்றே சாய்த்து வைப்பார். கரையில் நின்றே எந்தப் படகு வருகிறது என்று சொல்லிவிடுவோம்.

‘அன்னம்மாள்’ என்று எழுதினால் அதில் இரண்டு ‘ன’, இரண்டு ‘ம’. மாமா கையில் அவை ஒருபோதும் ஒன்றுபோல் இருக்காது. எழுத்துருவில் இரண்டும் அச்சடித்தது போல ஒன்றாக வரும்போதே கை எழுதியது என்ற எண்ணம் போய்விடுகிறது. ஓப்பன்டைப் என்ற எழுத்துருக் கோப்பு முறையில் ஒரே எழுத்துக்குப் பல வடிவங்கள் வைத்து, பக்கத்தில் வருவதைப் பார்த்து மாற்றிப் போட வழி இருக்கிறதே, அதைத் தமிழுக்கும் தாராளமாகப் பயன்படுத்துங்கள்.

பலூ தம்பி, காயினி இரண்டும் எனக்குப் பிடிக்கும். குண்டுகுண்டான, இலவசமான எழுத்துருக்கள். ஆனால் வழவழப்பானவை, பிரஷ் தடம் கிடையாது. கட்டுமரத்தின் பெயரிலேயே கேட்டமரான் என்று ஒன்று ஒன்பது தடிமன்களில் இருக்கிறது. அது வாசிப்பதற்கான நேர்த்தியான எழுத்து. படகுப் பலகையில் வைக்கும் எழுத்து வேறு.

அப்புறம், பழைய ‘லை’. 1978 சீர்திருத்தத்துக்கு முன்பு துதிக்கை மாதிரி மேலே சுருண்டிருந்த வடிவத்தை மாமா இன்னமும் எழுதுகிறார். புது வடிவமே முதலில் இருக்கட்டும், விரும்பியவர்கள் எடுத்துக்கொள்ள பழையதையும் உள்ளே வையுங்கள்.

யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தும்படி உரிமத்தைத் திறந்ததாக வைத்தால் எங்கள் ஊர் ஸ்டிக்கர் கடைக்கும் அது வந்து சேரும். எழுதிய கைகளின் பெயரையும் அதில் போடுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போதுதான் விசைப்படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்த்து, பெயிண்ட் அடிப்பார்கள். அந்த நாட்களில் வாருங்கள். வெயில் ஏறுமுன் காலையிலேயே வந்தால் மாமா எழுதுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். டப்பாவை நான் பிடித்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
பாம்பன்காரன் ஒருவன்