மங்குக்கு மெடிக்கல் க்ரீம் வாங்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கெழம உங்க பேப்பர்ல தோல் டாக்டர் மங்கு, அதான் மூஞ்சில வர்ற கருந்திட்டு, அத பத்தி எழுதினது ரொம்ப தேவையான விஷயம், ஆனா ஒண்ணு விட்டுப்போச்சு அதான் எழுதுறேன். நாங்க இருக்கறது மும்பை சயான் கோலிவாடா. எங்க அண்ணிக்கு ரெண்டாவது பிரசவத்துக்கப்புறம் கன்னத்துல மங்கு வந்துச்சு, அது ஹார்மோன் மாறுறதால வர்றது, கர்ப்பத்தடை மாத்திரை சாப்பிட்டாகூட வரும். பக்கத்து மெடிக்கல்ல ஒரு ட்யூப் குடுத்தாங்க, ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன்னு மூணு மருந்தும் கலந்தது. பதினஞ்சு நாள்ல மூஞ்சி பளிச்சுனு ஆயிடுச்சு, அப்புறம் யாரு நிறுத்துவா, ஒன்றரை வருஷம் போட்டாங்க.

மொமெட்டசோன்ங்கறது ஸ்டீராய்டுங்க. தோல் மெலிஞ்சு ரத்தக்குழாய் செவப்பா தெரிய ஆரம்பிச்சுது, தாடையில முடி வேற, நிறுத்தினா ஒரே எரிச்சல், அந்த எரிச்சலுக்கு பயந்தே திரும்ப அதையே தடவுவாங்க, பாக்கவே மனசு தாங்கல. டாக்டர்தான் மெதுமெதுவா நிறுத்தி, தினம் சன்ஸ்க்ரீன் போடச் சொன்னார்.

2018லயே இந்த மாதிரி ஸ்டீராய்டு க்ரீமையெல்லாம் ஷெட்யூல் எச்ங்கற மருந்துப் பட்டியல்ல சேத்தாச்சு, டாக்டர் சீட்டு இல்லாம விக்கவே கூடாது. ஆனா எங்க ஏரியால யாரும் சீட்டு கேக்கறதில்ல. டாக்டர்கிட்ட சொல்லி, ட்யூப்ல எந்தெந்த பேர் இருந்தா ஸ்டீராய்டுனு அடுத்த வாரம் பெரிய எழுத்துல போடச் சொல்லுங்க சார். பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால் பேரும் சேத்து.

இப்படிக்கு,
ஒரு வாசகி, மும்பை