ஏரிக்கரையில் கயிறில்லாமல் ஓடும் லாப்ரடார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கொடைக்கானல் நாயுடுபுரத்தில் வசிக்கும் நான், சென்ற ஆண்டு வைகாசியில் எட்டு வாரக் குட்டியாக ஒரு லாப்ரடாரை வாங்கினேன். நாய் வளர்ப்பது எனக்கு அதுவே முதன்முறை. காலையில் ஏரியைச் சுற்றி நடக்கும்போது, இதே இனத்து நாய்களைக் கயிறில்லாமல் விட்டு, அவை நீர்க்கோழிகளை விரட்டுவதைக் கைப்பேசியில் படம்பிடித்து மகிழ்பவர்களைப் பார்க்கிறேன். "வேட்டை நாய்தானே, விரட்டத்தான் செய்யும்" என்கிறார்கள். நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களோடு தண்ணீரில் உழைத்த நாய்களின் வழியில், பிரிட்டனில் வளர்த்தெடுக்கப்பட்ட இனம் இது. நாய் இனங்களைப் பதிவுசெய்யும் அந்நாட்டுக் கென்னல் கிளப் 1903இல் இதைத் தனி இனமாக ஏற்றது. வாத்து சுடுபவரின் பக்கத்தில் சத்தமின்றி உட்கார்ந்திருப்பதும், சுடப்பட்ட பறவை விழுந்த இடத்தை மனத்தில் வைத்துக்கொள்வதும், ஏவிய பிறகே நீந்திச் சென்று பல் பதியாமல் கவ்வி வந்து கையில் கொடுப்பதும்தான் இதன் தொழில். விரல்களுக்கு இடையிலான சவ்வும், நீர் ஊறாத இரட்டை மயிரும், நீந்தும்போது சுக்கான் போலத் திரும்பும் தடித்த வாலும் அந்தத் தொழிலுக்கானவை. ஏவாமலே பாய்ந்து பறவையைத் துரத்தும் நாயை அந்த ஊர் வேட்டைக்காரர்களே வேட்டை நாய்ப் போட்டியிலிருந்து விலக்கிவிடுவார்கள். நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதற்கு 1991இல் வந்த திருத்தமும் காட்டுவாத்து வேட்டைக்கு இடமில்லாமல் செய்துவிட்டன. அது மிகவும் நியாயமானது. ஆனால் ஏவும்வரை காத்திருக்கப் பழக்கும் அந்தப் பயிற்சி முறைக்குத் துப்பாக்கியும் வேண்டியதில்லை, வாத்தும் வேண்டியதில்லை.

முதல் வாரங்களில் வீட்டு நடையின் கதவுகளைச் சாத்திவிட்டு, சுருட்டிக் கட்டிய காலுறை ஒன்றை ஆறடி தூரத்துக்கு உருட்டிவிடுவேன். வேறு வழியில்லாததால் குட்டி அதைக் கவ்விக்கொண்டு என்னிடமே வரும். நாளுக்கு இரண்டு அல்லது மூன்று முறை போதும். அதற்கு ஆசை தீர்வதற்குள் நாம் நிறுத்திவிட வேண்டும். வாயில் இருப்பதைப் பிடுங்குவதும் இழுபறி விளையாடுவதும் கூடவே கூடாது, ஏனெனில் கவ்வியதை அழுத்திக் கடிக்கும் பழக்கம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. நான்காம் மாதத்தில் பால்பற்கள் விழத் தொடங்கியதும், ஈறு வலியையும் எடுத்துவரும் பொருளையும் அது ஒன்றாக நினைத்துவிடக்கூடாது என்பதால், இரண்டு மாதம் எதையும் எறியவில்லை. அந்த இடைவெளியில் உட்காரக் கற்றுக்கொடுத்தேன்: விசிலை ஒருமுறை நீட்டி ஊதினால் இருந்த இடத்தில் உட்கார வேண்டும், விட்டுவிட்டு ஊதினால் என்னிடம் வர வேண்டும். பிறகு பறவைக்குப் பதிலாக எறியும் துணிப்பொதியான டம்மியை எறியத் தொடங்கியபோதும், எறிந்தவற்றில் பாதியை நானே நடந்து போய் எடுத்து வந்தேன். விழுவதெல்லாம் தனக்கானதல்ல என்று அது அறிய வேண்டும் அல்லவா?

புதிதாகப் பழக்குபவர்கள் பொறுமை இழப்பது இங்கேதான். ஏழாம் மாதத்தில், வீட்டில் நன்றாக உட்காருகிறதே என்ற நம்பிக்கையில் ஏரிக்கரையில் கயிற்றை அவிழ்த்தேன். கரையோரம் மேய்ந்துகொண்டிருந்த நீர்க்கோழியைக் கண்டதும் பாய்ந்தது. என் விசில் அதன் காதில் ஏறவேயில்லை. பறவை நூலிழையில் தப்பியது. தவறு முழுக்க என்னுடையது. அதன்பின் மூன்று மாதம் நீண்ட கயிற்றில் கட்டி, அறுவடை முடிந்த கேரட் தோட்டத்தில் பாடத்தை முதலிலிருந்து தொடங்கினேன்.

நீச்சலைப் பற்றியும் ஒரு வார்த்தை. மார்கழி, தைக் குளிரில் குட்டியைத் தண்ணீரில் தள்ளிப் பழக்குவது கொடுமை. ஒருமுறை மிரண்ட குட்டியை மறுபடி நீரருகே கொண்டுவருவது கடினம். நான் சித்திரை வெயிலில், நண்பகலில், நண்பர் தோட்டத்துக் குட்டையில் முழங்காலளவு இறங்கி நின்று, அது தானாக வரும்வரை காத்திருந்தேன். பிளாஸ்டிக் விரிப்புப் போட்ட பண்ணைக்குட்டைகளில் நாய்கள் கரையேற முடியாமல் வழுக்கிச் சாகக்கூடும் என்பதால், சரிவான மண்கரை உள்ள இடத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். எலிக்காய்ச்சல் தடுப்பூசியைப் போடாமல் தேங்கிய நீரில் இறக்கக்கூடாது. நீந்தியபின் காதைத் துடைத்து உலர்த்துவதும், கால்விரல் இடுக்கில் அட்டை இருக்கிறதா என்று பார்ப்பதும் நம் மலையில் அன்றாட வேலை.

இப்போது பதினான்கு மாதமாகும் எங்கள் நாய், நீர்க்கோழி நீந்திக் கடக்கும்போது என் காலருகே உட்கார்ந்து பார்க்கிறது. ஆயினும் ஏரிக்கரையில் நான் கயிற்றை விடுவதில்லை. மற்றவர்களும் அவ்வாறே செய்ய நகராட்சி ஏரியைச் சுற்றி அறிவிப்புப் பலகைகள் வைக்க வேண்டும். முதல் தடுப்பூசிக்குக் குட்டியைக் கொண்டுவருபவர்களிடம், உட்காரவும் அழைத்தால் வரவும் பழக்கும் முறையைத் தமிழில் ஒரு பக்கத் தாளாக அச்சிட்டுக் கொடுக்கக் கால்நடைப் பராமரிப்புத் துறை முன்வர வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
நாயுடுபுரம், கொடைக்கானல்.