அளந்த தண்ணீரை எங்களுக்கும் சொல்லுங்கள்: கடலூர் மாவட்ட மக்கள் பிரதிநிதிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு வணக்கம்.

வடலூரிலிருந்து சேத்தியாத்தோப்பு போகிற சாலையை ஒட்டிய ஒரு சின்ன ஊரிலிருந்து எழுதுகிறேன். இரண்டரை ஏக்கர் நெல், அறுப்புக்குப் பிறகு உளுந்து, இவ்வளவுதான் எங்கள் குடும்பத்துக்கு. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தின் கதையை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஓட்டுக் கேட்டு வரும்போதெல்லாம் நீங்களே அதைப் பற்றித்தான் பேசுகிறீர்கள். நான் கேட்க வந்தது ஒரே ஒரு எண்: எங்கள் ஊரின் நிலத்தடி நீர்மட்டம்.

போன மாதம் எங்கள் போரில் மோட்டாரை மறுபடியும் இறக்கினோம். முக்காலி நட்டு, செயின் போட்டு, இருபது அடிப் பைப்புகளை ஒவ்வொன்றாக முறுக்கி உள்ளே விட்டார்கள். என் அம்மாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. களத்தில் நெல் அளந்து வளர்ந்தவர். முதல் மரக்காலை ஒன்று என்று சொல்லாமல் 'லாபம்' என்று தொடங்குகிற பழக்கம் அவருக்கு. பைப் இறங்கும்போதும் வாய் தானாக 'லாபம்' என்று ஆரம்பித்துவிட்டது. அப்புறம் இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே வந்தார். போன முறை நின்ற இடத்தையும் தாண்டி ஆறு பைப் கூடுதலாக இறங்கியது. கடைசிப் பைப்புக்கு அவர் வாய் திறக்கவில்லை. எழுந்து வீட்டுக்குள் போய்விட்டார்.

இதே மண்ணில் மோட்டாரே இல்லாமல் தானாகப் பொங்கி வழிந்த ஊற்றுக் கிணற்றில் அவர் குளித்திருக்கிறார். இதைச் சொன்னால் என் மகன் நம்ப மாட்டேன் என்கிறான்.

இப்போது முதலில் கொஞ்ச நேரம் செம்மண் கலங்கலாகத்தான் தண்ணீர் வருகிறது. அது தெளிகிறவரை குடத்தோடு நிற்க வேண்டும். அதற்குள் கரண்ட் போய்விட்டால் அன்றைக்கு அவ்வளவுதான்.

பழி எல்லாவற்றையும் சுரங்கத்தின் தலையில் போட நான் வரவில்லை. கரும்புக்கும் நெல்லுக்கும் நாங்களும் போர் போட்டு உறிஞ்சுகிறோம். மழை ஏமாற்றிய வருஷங்களும் உண்டு. இதில் யார் பங்கு எவ்வளவு? அது தெரிய வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படிவத்துக்குக் கீழே அழுத்தத்தோடு அடைபட்ட தண்ணீர் இருக்கிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை மேல்நோக்கி முட்டும் அழுத்தம். மேல்மண்ணை அள்ளிவிட்டால் அந்தத் தண்ணீர் சுரங்கத்தின் தரையைப் பிளந்துகொண்டு வந்துவிடும். அதனால்தான் இரவு பகல் பார்க்காமல் குழாய்க் கிணறு போட்டு இறைக்கிறார்கள். இறைப்பதை நிறுத்தினால் கீழே வேலை செய்கிறவர்கள் உயிருக்கே ஆபத்து, அதுவும் எங்களுக்குத் தெரியும். தெலங்கானாவின் சிங்கரேணி நிலக்கரிச் சுரங்கங்களில் பூமிக்கடியிலும் வெட்டுகிறார்கள், மேலேயும் வெட்டுகிறார்கள், இங்கேயும் அப்படிச் செய்தால் நிலம் பிழைக்குமே என்று டீக்கடையில் ஒரு பேச்சு உண்டு. மேலே பொலபொலவென்ற மண், கீழே முட்டுகிற தண்ணீர் என்று இருக்கிற இடத்தில் குடைந்து போவது லேசான காரியமா? நம்மிடம் இருப்பது திறந்தவெளிச் சுரங்கம்தான். கரி வேண்டுமென்றால் நிலமும் போகும், தண்ணீரும் மேலே வரும். முதல் சுரங்கத்தின் ஆண்டுத் திறன் 1.05 கோடி டன், இரண்டாவதன் திறன் 1.5 கோடி டன். அதற்காக எவ்வளவு தண்ணீர் வெளியே போகிறது, எங்கள் ஊருக்கு அடியில் எவ்வளவு மிச்சம் என்பதையும் அதே மாதிரி எண்ணாகச் சொல்லலாமே.

ஆனால் அளக்காமல் இல்லை. எங்கள் ஊர் எல்லையில், பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால், பூட்டுப் போட்ட இரும்புக் குழாய் ஒன்று நிற்கிறது. அவ்வப்போது ஒருவர் வண்டியில் வருவார். பூட்டைத் திறந்து நீளமான நாடாவை உள்ளே விடுவார், எடுப்பார், நனைந்த இடத்தைப் பார்ப்பார், நோட்டில் எழுதிக்கொண்டு போய்விடுவார். நல்ல மனிதர். எங்கள் வீட்டில் மோர் குடித்திருக்கிறார். "எவ்வளவு தம்பி?" என்று கேட்டால், "சொல்லக் கூடாதுங்க ஐயா, ஆபீஸ்ல கேளுங்க" என்பார்.

ஆபீசில் கேட்டேன். எந்த ஆபீஸ் என்று இங்கே எழுதி யாருக்கும் சங்கடம் கொடுக்க விரும்பவில்லை. மூன்று முறை மனு கொடுத்து மூன்று ஒப்புகைச் சீட்டு வாங்கி வைத்திருக்கிறேன். மூன்றாவது முறை, இணையத்தில் இருக்கிறது, போய்ப் பாருங்கள் என்றார்கள். மகன் தேடிப் பார்த்தான். வட்டத்துக்கே சேர்த்து ஒரு சராசரி இருந்தது. பிள்ளையார் கோயில் குழாய் அதில் இல்லை. எங்கள் காலுக்கடியில் அளந்த எண் எங்களைத் தவிர மற்றவர்களுக்குத் தெரிகிறது. இதை எப்படி நியாயம் என்று சொல்வீர்கள்?

2023 ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற பயிர் மேல் சுரங்க வேலைக்காக இயந்திரம் இறங்கியதை நாடே பார்த்தது. அதே வருஷம் ஏப்ரலில் சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே உள்ள பகுதி, வடசேரி, மைக்கேல்பட்டி மூன்றும் நிலக்கரிச் சுரங்க ஏலப் பட்டியலில் இருக்கிறது என்று தெரிந்து ஊர் ஊராகக் கொதித்தோம். பிறகு பட்டியலிலிருந்து எடுத்தார்கள். எடுத்ததற்கு நன்றி. ஆனால் நாட்டின் பழுப்பு நிலக்கரி இருப்பில் ஐந்தில் நான்கு பங்கு தமிழ்நாட்டில் இருக்கிறது, அதில் பெரும்பகுதி மன்னார்குடிப் பக்கம் ஆழத்தில் கிடக்கிறது. இன்றைக்கு எடுத்த பெயரை நாளைக்கு யாராவது மறுபடி பட்டியலில் சேர்க்க மாட்டார்கள் என்று எந்த நம்பிக்கையில் நாங்கள் நாற்று விடுவது? விவசாய நிலத்தைக் காக்க 2020இல் வந்த வேளாண் மண்டலச் சட்டத்தில் காட்டுமன்னார்கோயில், கீரப்பாளையம், மேல்புவனகிரி ஒன்றியங்கள் இருக்கின்றன. ஒன்றிய எல்லைக் கல்லைப் பார்த்தா தண்ணீர் நின்றுகொள்கிறது? சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பங்களில் இன்னும் நிரந்தர வேலைக்கு அலைகிற பிள்ளைகள் இருக்கிறார்கள். நிலம் கொடுக்காத எங்கள் மாதிரி ஊர்களுக்கு இழப்பு என்ற கணக்கே கிடையாது. நிலம் எங்கள் பெயரில்தானே இருக்கிறது, அதற்கு அடியில் இருந்த தண்ணீர்தானே இறங்கியிருக்கிறது.

மன்னிக்க வேண்டும், கேட்க வந்ததை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டேன். கோபம் இருக்கிறது, மறைக்கவில்லை.

கேட்பது இதுதான். சுரங்கத்தைச் சுற்றியுள்ள ஒவ்வொரு ஊரிலும் அளக்கிற நீர்மட்டத்தை, அளந்த அன்றைக்கே அந்த ஊரில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். இத்தனாம் தேதி, இத்தனை மீட்டர், அவ்வளவு போதும். போன வருஷம் இதே மாதம் எவ்வளவு என்பதையும் பக்கத்தில் போட்டால் இன்னும் நல்லது. இதற்குப் புதுச் சட்டம் வேண்டாம், நிதி ஒதுக்கீடு வேண்டாம். நாடா இருக்கிறது, ஆள் இருக்கிறார், நோட்டும் இருக்கிறது. நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் நடக்கும்.

எங்கள் ஊராட்சி அலுவலகத்தின் கிழக்குச் சுவர் காலியாக இருக்கிறது. சுண்ணாம்பு நாங்களே அடித்துத் தருகிறோம், பெயின்ட்டும் பிரஷ்ஷும் வாங்கி வைக்கிறோம். அடுத்த முறை அந்தத் தம்பி பூட்டைத் திறக்க வரும்போது, எண்ணைச் சுவரில் எழுதிவிட்டுப் போகலாம் என்ற உத்தரவோடு அனுப்பி வையுங்கள். தயவுசெய்து.

இப்படிக்கு,
சேத்தியாத்தோப்பு வட்டாரத்து விவசாயி ஒருவர்